மூலவரும் வேஷக்காரரும்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்6 ரயில் பிடித்து போர்ஷே அருங்காட்சியகத்துக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமாக, 23 என்ற எண்ணோடு ஒரு போர்ஷே 917 பந்தயக் கார் நின்றது. 1970-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேவுக்கு முதன்முதலாக ஒட்டுமொத்த முதலிடத்தைக் கொண்டுவந்த கார்! முப்பது போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

நான் கும்பிட்டுவிட்டு வந்தது மூலவரை இல்லை, உற்சவரைக்கூட இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே நின்றது சேசிஸ் நம்பர் 001. லெ மானில் ஜெயித்தது 023.

அப்பா பழைய வண்டி வாங்கப் போனால் பெயிண்ட்டைப் பார்க்கவே மாட்டார். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி. புக்கோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பார். அவர் பிள்ளை நான் பெயிண்ட்டைப் பார்த்து ஏமாந்தேன்.

001-க்கும் பெருமை இல்லாமல் இல்லை. 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் உலகம் முதலில் பார்த்த 917 அதுதான். வெள்ளை உடம்பு, பச்சை மூக்கு, விலை 1,40,000 மார்க். 25 கார் செய்து காட்டினால்தான் பந்தயத்தில் விடுவோம் என்பது விதி. ஆபீஸ் ஊழியர், பயிற்சி மாணவர் எல்லாரையும் இழுத்துப்போட்டுக் கார்களைப் பூட்டவைத்து, ஏப்ரலில் தொழிற்சாலை முற்றத்தில் 25-ஐயும் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் காரின் சட்டகம், அதாவது சேசிஸ். அலுமினியக் குழாய்களுக்குள் வாயுவை அடைத்து, டிரைவர் கண்ணெதிரே அழுத்தமானி வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம். 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்த முள்ளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்களோ!

023-ன் கதை வேறு. அதை ஓட்டிய ரிச்சர்ட் ஆட்வுட் ரிஸ்க் வேண்டாம் என்று, மற்ற சிலர் 4.9 லிட்டருக்குப் போனபோதும் பழைய 4.5 லிட்டர் எஞ்சினையே கேட்டு வாங்கினார். தகுதிச் சுற்றில் 15-வது இடம். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமே என்று நொந்துபோனார். போதாததற்குப் பொன்னுக்கு வீங்கி வேறு. சாப்பாடு இறங்கவில்லை, பால்தான் ஆகாரம். பந்தயத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. 51 கார் கிளம்பி, கடைசியில் பட்டியலில் இடம்பிடித்தவை 7. முதலில் வந்தது இந்த 23. கூட ஓட்டிய ஹான்ஸ் ஹெர்மன், ஜெயித்தால் ஓய்வு பெறுகிறேன் என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி அதோடு விலகிவிட்டார்.

பிறகு 023 தனியார் கைக்குப் போக, அதன் சிவப்பு வெள்ளை வேஷம் 001-க்கு வந்தது. இன்னொரு கூத்தும் உண்டு. ஆட்வுட் பிற்பாடு தனக்கென்று ஒரு 917 வாங்கினார். அது 022; ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் தன் 'லெ மான்' படத்துக்காக வாங்க, பிறகு பந்தயத்திலும் ஓடிய கார். அவரும் அதற்கு அதே சிவப்பு வெள்ளையைத்தான் பூசினார்! ஜெயித்தவரே பூசும்போது யார் என்ன சொல்ல முடியும்? 2000-ல் அவர் விற்றதும் அது கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் பந்தய நீலத்துக்கு மாறி, நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டிடம் போனது. 2025 ஜனவரி ஏலத்தில் 2.5 கோடி டாலர் வரை கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

2019-ல், 917-க்கு ஐம்பது வயதானபோது, 001-ன் வேஷத்தைக் கலைத்து ஜெனீவாவில் நின்ற கோலத்துக்கே திருப்பிவிட்டார்கள். மறுபடி போய்ப் பார்த்தேன். பச்சை மூக்கும் நீண்ட வாலுமாக, முன்பு பார்த்த கார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. இந்த முறை ஒரே ஒரு போட்டோ. குரூப்பில் போட்டதும் தங்கையிடமிருந்து பதில் வந்தது: "அந்த ரெட் கலர்தாண்ணா நல்லா இருந்துச்சு."