புளி தட்டும் கதையின் கடைசி வரி

‘இனி எங்கள் வீட்டில் யாரும் புளி தட்ட மாட்டார்கள்.’ அதுதான் அந்த வரி. எடுத்துவிடலாம் என்று சொன்னது வகுப்பு. அடித்தது கதையை எழுதிய மாணவி. அந்த வரி இல்லாமல் ஆண்டு மலருக்கு அனுப்பியது நான். இப்படிப் பொறுப்பைப் பங்கு பிரித்துப் பார்க்கிறேன். பிரித்து முடித்ததும் எல்லாப் பங்கும் என் பெயருக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த வரி இல்லாமல்தான் கதை சிறப்பாக இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த மாணவர் கதையைத் திருத்தினாலும் கடைசி வரிக்கு வரும்போது என் பேனா தயங்குகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் புளி தட்டுவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தை பிறந்து மரங்களை உலுக்கத் தொடங்கினால் சித்திரை வரைக்கும் திண்ணையிலும் மண்டியிலும் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கதை கூலியைப் பற்றிப் பேசவில்லை, விரல்களைப் பற்றிப் பேசியது. கல்லூரிச் சேர்க்கை நாளன்று பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து மகளோடு வரும் தாய், மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பாலிதீன் பையில் போட்டு மடியில் வைத்திருக்கிறாள். விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கின்றன. முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் தேய்த்து ஊறவைத்தும் கறை போகவில்லை. எழுத்தர் சான்றிதழைக் கேட்டதும் பையின் வாயை விரித்து மகள் பக்கம் நீட்டுகிறாள், தான் தொடவில்லை. கட்டணம் செலுத்திய ரசீது மேசை விளிம்பில் மின்விசிறிக் காற்றுக்கு நகர்கிறது. அது விழுந்துவிடாமல் புறங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, நான் முதலில் சொன்ன வாக்கியம்.

படைப்பிலக்கியப் பயிற்சி எங்கள் இளங்கலைத் தமிழில் ஒரு தாள். தேர்வுக்கு 75, உள்மதிப்பீட்டுக்கு 25. சிறுகதையின் இலக்கணம், தோற்றம், வளர்ச்சி என்று மனப்பாடம் செய்து எழுதினால் அந்த 75-இல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். சொந்தமாக ஒரு கதைகூட எழுத வேண்டியதில்லை. ஆகவே 25-ஐயாவது உண்மையான எழுத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையைப் பற்றிப் படித்திருந்தேன். அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவிய முறை எளிமையானது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துவிட்டு வந்து கூடி உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. புத்தகம் வாசகர் கைக்குப் போன பிறகு எழுதியவர் கூடவே போய் நின்று விளக்கம் சொல்ல முடியாதல்லவா? அந்தக் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வகுப்பில் பெஞ்சுகளைத் தரையோடு இறுக்கி வைத்திருக்கிறார்கள். வட்டமாகப் போட வழியில்லை. விதியை மட்டும் கொண்டுவந்தேன்.

விதி பலன் தந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் யார் என்ன குறை சொன்னாலும் ‘ஐயா, இது உண்மையில் நடந்தது’ என்ற ஒரே பதில் வரும். அதற்கு மேல் யாரும் பேச முடியாது. நடந்தது என்பதாலேயே கதை நன்றாகிவிடாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. எழுதியவர் பேசக் கூடாது என்று ஆனதும் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

அன்றைக்கு முதலில் எழுந்த மாணவன், “புறங்கையிலேயே எல்லாம் வந்துவிட்டது ஐயா. கடைசி வரி மேடைப் பேச்சு போல இருக்கிறது” என்றான். அவன் வீட்டிலும் புளி தட்டுகிறார்கள். பருவம் முழுக்க நான் சொல்லிவந்ததை அவன் தானே கண்டுபிடித்துச் சொன்னது போலிருந்தது. எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. அவனை வகுப்பின் முன்னிலையிலேயே பாராட்டினேன். பாராட்டு விழுந்த பிறகு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்த மாணவி தலையைக் குனிந்தபடி ஸ்கேலை எடுத்து அந்த வரியின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தாள்.

வகுப்பு கலைந்து வராந்தாவில் நடந்த பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

“ஐயா, அந்த வரி நான் எழுதியது இல்லை. கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் இதைச் சேர்த்துக்கொள் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.”

“இதை வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே?”

“பேசக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள் ஐயா.”

“சரி. அம்மா இப்போது புளி தட்டுவதை விட்டுவிட்டார்களா?”

“இல்லை ஐயா. இந்த வருஷமும் போகிறார்கள்.”

“அப்படியானால் அந்த வரி உண்மை இல்லையே.”

“அதனால்தான் எழுதச் சொன்னார்கள்.”

கதையோடு அது ஒட்டவில்லை, யோசித்துப் பார் என்று சொன்னேன். “உங்கள் விருப்பம் ஐயா” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மலரின் பக்கங்கள் அந்த வாரம் அச்சகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் நம் ஊரில் ஒரு மாணவி ஆசிரியரிடம் ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்வதற்கு என்ன எடை என்று எனக்குத் தெரியாதா? என் ஆய்வேட்டின் தலைப்பை நெறியாளர் மாற்றியபோது நானும் அதையேதான் சொன்னேன். இன்றுவரை பழைய தலைப்புதான் எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எழுதுவதை ஒன்று யாரும் படிப்பதில்லை, படித்தால் இரக்கப்பட்டுப் பாராட்டிவிடுகிறார்கள். ‘பாவம், புளி தட்டுகிற வீட்டுப் பெண், எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறாள்’ என்ற பாராட்டு அவளைக் கீழேயே உட்கார வைத்துவிடும். வேறு எந்த எழுத்தாளரை எந்தக் கண்டிப்போடு படிப்பேனோ அதே கண்டிப்போடு அவளையும் படிப்பதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடிய மரியாதை. வரிக்கு வரி ‘உன் இஷ்டம்’ என்று விட்டுவிடுவதற்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் வகுப்பும் எதற்கு? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு இடத்திலிருந்து வந்தது. அடுத்த பருவத்தில் புறநானூறு நடத்தினேன். 235-ஆம் பாட்டு, நம் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கைகளையும் ஊடுருவி, அவன் காப்பாற்றியவர்களின் கண்பாவை ஒளி மங்க, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. இதை நடத்தும்போது எந்த ஆண்டும் என் குரல் கம்மாமல் இருந்ததில்லை. ஆனால் பாட்டு வேலோடு முடியவில்லை. ‘இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை’ என்று ஔவையார் வெளிப்படையாகச் சொல்கிறார். அதோடும் நிற்காமல், சூடுவார் இல்லாமல் கழியும் பகன்றைப் பூவைப் போலப் பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் மடியும் உயிர்கள் மிகப் பல என்கிறார். எங்கள் வகுப்பிடம் கொடுத்திருந்தால் வேல் விழுந்த இடத்திலேயே பாட்டை நிறுத்தியிருப்பார்கள். நானும் சரி என்றிருப்பேன்.

இறந்தவரை நினைத்துப் புலம்பும் கையறுநிலைப் பாட்டு வேறு, சிறுகதை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்பாரி கூட்டத்தின் முன் பாடுவது. அதில் சொல்லத்தான் வேண்டும். சிறுகதை ஒருவர் தனியாக உட்கார்ந்து படிப்பது. இந்த வேறுபாடு உண்மையானதுதான், பொய்ச்சமாதானம் இல்லை. ஆனால் அந்தத் தாய் கதையைத் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. திண்ணையில் மகள் வாசிக்கக் கேட்டாள். கேட்டவள் தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சொன்னாள், ஒரு சபதம் போல. எழுதியவர் பேசக் கூடாது என்று நான் போட்ட விதி, வகுப்புக்கு வராத அந்தப் பெண்ணின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. அமெரிக்காவிலேயே அண்மை ஆண்டுகளில் இந்த விதியைக் கேள்வி கேட்டுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன: வகுப்பில் ஏற்கெனவே பேசத் தயங்குபவரைப் பார்த்துப் பேசாதே என்று சொல்வது எல்லோருக்கும் ஒரே விதமான கட்டுப்பாடு ஆகுமா என்று. எனக்கு அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, வராந்தாவிலிருந்து வந்தது.

மலர் வெளிவந்த பிறகு அவளிடம் கேட்டேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா என்று. “காட்டினேன் ஐயா. அந்த வரியை நானே சேர்த்துப் படித்துவிட்டேன்” என்றாள். அச்சில் ஒரு முடிவு, வீட்டில் ஒரு முடிவு. இரண்டு வாசகர்களுக்கு இரண்டு பிரதிகள் என்று கோட்பாடு பேசி நிம்மதி அடையலாம். ஆனால் அவள் அம்மா என்றைக்காவது வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால்?

விதியை நான் கைவிடவில்லை. பேச்சு தொடங்கும் முன் எழுதியவரிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: இதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டினாயா, அவர்கள் என்ன சொன்னார்கள்? பெரும்பாலானவர்கள் யாருக்கும் காட்டவில்லை என்கிறார்கள். காட்டியவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு வகுப்பு மென்மையாகிவிடுகிறது. அம்மா சொன்னது, தாத்தா சொன்னது என்றால் யாரும் கை வைக்கத் துணிவதில்லை. பழைய ‘உண்மையில் நடந்தது ஐயா’ வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றும் நாட்களில், அன்று செய்ததே சரி என்று மறுபடியும் முடிவுக்கு வருகிறேன்.

அந்த மாணவி இப்போது சேலத்தில் முதுகலை படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு புதிய கதை அனுப்பியிருந்தாள். கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய் வரும் தந்தையைப் பற்றியது. ஒரு சொல் மிகையில்லை. முடிவு, நான் வகுப்பில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வேனோ அப்படியே இருந்தது. பெருமையோடு படித்து முடித்தேன். முடித்த உடனே ஒரு கலக்கம். ‘கடைசியில் ஏதாவது எழுதி அடித்திருந்தால் அதையும் அனுப்பு’ என்று கேட்டு எழுதினேன்.

‘இல்லை ஐயா, இப்போதெல்லாம் அப்படி வருவதே இல்லை. வீட்டில் இன்னும் படித்துக் காட்டவில்லை’ என்று பதில் வந்தது.

முதலில் வீட்டில் படித்துக் காட்டு, பிறகு என் கருத்தைச் சொல்கிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. நான் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். அதையும் ஒரு விதியாகவே எடுத்துக்கொள்வாள்.