நூறு கிரெடிட் முடித்த பிறகும் விடுபட்டிருந்த மூன்று சான்றிதழ்கள்

டெக்சாஸில் செவிலியர் உரிமம் அவரவர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் காலாவதியாகிறது. இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவர் இரட்டைப்படை ஆண்டிலும், ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர் ஒற்றைப்படை ஆண்டிலும், அதாவது இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, அதைப் புதுப்பிக்க வேண்டும். நான் 1982 அக்டோபரில் பிறந்தவள் என்பதால் எனக்குக் கெடு 2024 அக்டோபர் 31. ஹூஸ்டனில் பல ஆண்டுகளாக மயக்க மருந்து செலுத்தும் செவிலியராக, இங்கே சி.ஆர்.என்.ஏ. என்று அழைக்கப்படும் பணியில் இருக்கிறேன். நம் ஊரில் அனஸ்தீசியா கொடுப்பது மருத்துவரின் வேலை என்பதால், என்னோடு படித்த தோழிகளுக்கு இந்தப் பணி இன்னதென்று விளக்குவதே ஒரு பாடு. அதற்கான தொடர்கல்வி விதிகளை விளக்குவது அதைவிடப் பெரிய பாடு.

விதிகள் ஒரே இடத்திலிருந்து வராததுதான் குழப்பத்தின் வேர். தேசியச் சான்றளிப்பு வாரியமான என்.பி.சி.ஆர்.என்.ஏ.வுக்கு நான்காண்டுச் சுழற்சி, அதுவும் ஜூலை 31இல் முடிவது. டெக்சாஸ் செவிலியர் வாரியத்துக்கு ஈராண்டுச் சுழற்சி, பிறந்த மாதத்தில் முடிவது. நான் இருந்த தேசியச் சுழற்சி 2020 ஆகஸ்டில் தொடங்கி 2024 ஜூலையில் நிறைவடைந்தது. அந்த நான்காண்டில் நூறு தொடர்கல்வி கிரெடிட் சேர்க்க வேண்டியிருந்தது. அவற்றில் 60 'ஏ' வகை, அதாவது முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, முடிவில் தேர்வும் வைக்கிற பாடங்கள். மற்ற 40 'பி' வகை. மாணவர்களுக்கு அறுவை அரங்கில் கற்றுக்கொடுப்பது, மருத்துவமனைக் குழுக்களில் பங்கேற்பது போன்றவையெல்லாம் இதில் சேரும் என்பதால், 'பி' வகைக்காக யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை.

'ஏ' வகைப் பாடங்களை வெறும் சடங்கென்று நான் சொல்லமாட்டேன். தசைத் தளர்த்தி மருந்தின் விளைவை முறிப்பதற்கு நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் சேர்த்துக் கொடுத்துப் பழகிய தலைமுறை நான். 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சுகமடெக்ஸ் வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மாறியது. ஆனால் அந்த மருந்து ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும் என்பதும், அதனால் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்கள் அடுத்த ஏழு நாட்களுக்கு ஹார்மோன் அல்லாத வேறொரு முறையையும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதும் ஒரு மணிநேரத் தொடர்கல்விப் பாடத்தில்தான் என் மனத்தில் ஆழப் பதிந்தது. அரை மயக்கத்தில் கேட்ட எதுவும் நினைவில் தங்காது என்பதால், இப்போதெல்லாம் அறுவைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளிலும் எழுதச் சொல்கிறேன். அதேபோல, நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் ஓசெம்பிக் போன்ற வார ஊசி போட்டுக்கொள்பவர்கள் அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று 2023 ஜூனில் மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் வெளியிட்ட அறிவுரையையும், வயிறு காலியாகத் தாமதமானால் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்ற அதன் காரணத்தையும் ஒரு பாடத்தில்தான் விரிவாகக் கேட்டேன். அந்த அறிவுரை பின்னர் தளர்த்தப்பட்டது வேறு கதை.

ஜூலையில் நூறு கிரெடிட்டும் பதிவாகிவிட்டதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டேன். டெக்சாஸ் விதிப்படி ஈராண்டுக்கு 20 மணிநேரத் தொடர்கல்வி வேண்டும். தேசியச் சான்றிதழ் நடப்பில் இருந்தால் அதுவே அந்த 20 மணிநேரத்துக்கு ஈடாகும். ஆகவே அக்டோபரில் கட்டணத்தைச் செலுத்துவது மட்டுமே பாக்கி என்று எண்ணியிருந்தேன்.

செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, டியூட்டி முடித்து வந்து டெக்சாஸ் வாரியத்தின் விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்தபோதுதான் என் எண்ணம் பாதிதான் சரி என்று தெரிந்தது. தேசியச் சான்றிதழ் ஈடாவது அந்தப் பொதுவான 20 மணிநேரத்துக்கு மட்டுமே. மாநிலம் பெயர் சொல்லிக் கேட்கிற பாடங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை. செவிலியர் சட்டமும் அறநெறியும் குறித்த இரண்டு மணிநேரப் பாடத்தை மூன்று புதுப்பிப்புகளுக்கு ஒருமுறை முடிக்க வேண்டும். நான் கடைசியாக அதைப் படித்தது 2018இல், ஆகவே இந்த முறை கட்டாயம். முதியோரைக் கவனிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் முதியோர் நலம் குறித்து இரண்டு மணிநேரம் படித்திருக்க வேண்டும். நேரடியாக நோயாளிகளைக் கவனிக்கும் ஒவ்வொருவரும் மனிதக் கடத்தல் தடுப்புப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன பயிற்சிதான் என்னை அலைக்கழித்தது. நான் வேலை செய்த ஒரு மருத்துவமனை நடத்திய பயிற்சியை முடித்து, சான்றிதழும் வைத்திருந்தேன். ஆனால் மாநிலச் சுகாதாரத் துறை ஒப்புதல் அளித்த பட்டியலில் உள்ள பயிற்சி மட்டுமே செல்லும். என் சான்றிதழில் இருந்த தலைப்பைப் பட்டியலில் மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினேன், இல்லை. நடத்தியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சேரும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். பட்டியலில் இருந்த இலவசப் பயிற்சி ஒன்றை அந்த வாரமே முடித்தேன்.

இதற்கிடையே, உடன் வேலை பார்க்கும் மலையாளிச் சேச்சி ஒருவர், மருந்தியலில் கூடுதலாக ஐந்து மணிநேரம் வேண்டுமே என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைத்தார். ஒரு விடுமுறை நாளில் பாதியைச் செலவழித்துப் பார்த்த பிறகு, அது மருந்துச்சீட்டு எழுதும் அதிகாரம் பெற்றவர்களுக்கானது என்று புரிந்தது. அறுவை அரங்கில் மயக்க மருந்து செலுத்துவதற்கு டெக்சாஸில் அந்த அதிகாரம் தேவையில்லை, நான் அதை வாங்கவுமில்லை. சேச்சியின் மகள் மருந்துச்சீட்டு எழுதும் குடும்பநலச் செவிலியர் என்பதால் அவருக்கு அந்த விதி நினைவிலிருந்திருக்கிறது.

முதியோர் பாடத்தை முகச்சுளிப்போடுதான் தொடங்கினேன். நாற்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் மயக்க வாயுவின் தேவை ஏறத்தாழ ஆறு சதவீதம் குறைகிறது என்பது எனக்குப் பழைய பாடம். ஆனால் அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பத்தைப் பற்றிய பகுதியைக் கேட்ட பிறகு, பதற்றமாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மிடசோலம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தை எடுக்கப்போன கையைச் சற்று நிறுத்திக்கொள்கிறேன். பல நேரங்களில், காது கேட்கும் கருவியைக் கழற்றாமல் உள்ளே அழைத்துப்போவதே போதுமானதாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று உறுதிமொழி கொடுத்தால் போதும், சான்றிதழ்களை அப்போதே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் தணிக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் காட்டியாக வேண்டும், மூன்று புதுப்பிப்புக் காலம் வரை அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே, விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் பெயர்ச் சிக்கல் கண்ணில் பட்டது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரே என் குடும்பப்பெயராக இருந்தது, குடியுரிமை பெற்றபோது அதைக் கணவரின் பெயராக மாற்றிக்கொண்டேன். பழைய கணக்கில் பதிவுசெய்த இரண்டு பாடங்களின் சான்றிதழ் இன்னும் அப்பாவின் பெயரிலேயே வந்திருந்தது. பாடம் நடத்தியவர்களுக்கு எழுதி, பெயரைத் திருத்தி வாங்க ஒன்பது நாளாயிற்று. அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழையும் அந்தக் கோப்பில் வைத்திருந்தேன். அது தொடர்கல்விக் கணக்கில் சேராது என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன்.

ஈராண்டில் 400 மணிநேரம் பணிசெய்தீர்களா என்ற கேள்வியைக் கடக்க ஒரு நொடிகூட ஆகவில்லை, எங்கள் வேலையில் அது சில மாதங்களிலேயே நிறைந்துவிடும். அக்டோபர் 12ஆம் தேதி இரவு கட்டணத்தைச் செலுத்தினேன். சில நாட்கள் கழித்துத் தேடிப் பார்த்தபோது உரிமத்தின் காலாவதி 2026 அக்டோபர் 31 என்று மாறியிருந்தது. அன்றே '2026' என்று ஒரு கோப்பைத் திறந்து, அதன் முதல் தாளில் மூன்று மாநிலப் பாடங்களின் பெயரையும், சட்டப் பாடத்துக்கு எதிரே '2030' என்றும் எழுதிவைத்தேன்.