குடை தனி, தண்டு தனி

மழை விட்ட மறுநாள் கொடைக்கானல் பைன் தோப்புக்குப் போனால் காளானுக்குப் பஞ்சமே இருக்காது. சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமானிட்டா மஸ்காரியா, தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும் சூயில்லஸ், விழுந்த கட்டை மேல் கொத்துக் கொத்தாக முளைத்தவை. இவற்றில் எது மரத்தின் வேரோடு கூட்டு வைத்து வாழ்கிறது, எது சருகையும் கட்டையையும் மட்க வைத்துத் தின்கிறது? மண்ணுக்கடியில் நடப்பதைப் பார்க்க முடியாது. ஆனால் காளானின் உடம்பில் உள்ள கார்பன்-13, நைட்ரஜன்-15 (வழக்கமான கார்பன், நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான அணு வகைகள்) அளவுகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வேர்க்கூட்டுப் பூஞ்சை மரத்துக்குக் கொடுக்கும் நைட்ரஜனில் இலேசானதுதான் அதிகம் போகிறது. கனமான நைட்ரஜன்-15 பூஞ்சையிடமே தங்குகிறது. கார்பனை மரத்திடமிருந்து சர்க்கரையாக வாங்குவதால் அதில் கார்பன்-13 குறைவு. சருகையும் கட்டையையும் தின்னும் மட்குண்ணிகளில் பொதுவாக இது தலைகீழ். எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே இந்தக் கணக்கைப் படித்த அன்றுதான்.

பறித்த காளானில் ஒட்டிய மண்ணையும் பைன் ஊசியையும் பிரஷ்ஷால் தட்டி, 60 டிகிரியில் இரண்டு நாள் காயவைத்து, மாவாக அரைத்தேன். அப்புறம்தான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் மாவை மைக்ரோ தராசில் நிறுத்து, சின்னஞ்சிறு டின் கேப்சூலில் போட்டு, இடுக்கியால் மடித்து மடித்து உருண்டையாக்க வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது. மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். மடிப்பில் துளி மாவு வெளியே ஒட்டியிருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நிறுப்பதே மேல். கருவிக்குள் அந்த உருண்டை ஆக்சிஜனில் எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் பிரிந்து, கனமான, இலேசான வகைகளைப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும்.

முதல் முடிவு வந்தபோது நெஞ்சு பதறியது. ஒரே இடத்தில் பறித்த ஒரே இனக் காளான்கள், ஆனால் நைட்ரஜன் எண்கள் ஆளுக்கொரு பக்கம். இரண்டு நாள் குறிப்பேட்டைப் புரட்டிய பிறகுதான் தவறு புரிந்தது: குடையையும் தண்டையும் சேர்த்தே அரைத்திருந்தேன். குடையில் புரதம் அதிகம், நைட்ரஜன்-15-உம் தண்டைவிடக் கூடுதல். ஒரு காளானில் குடை நிறைய, இன்னொன்றில் தண்டு நிறைய என்று கலந்துபோனால் எண் எப்படி ஒத்துவரும்? அரைத்த மாவைப் பிரிக்க வழியில்லை. அடுத்த பருவமழை வரை காத்திருந்து, பறித்த இடத்திலேயே குடை தனி, தண்டு தனி என்று வெட்டிக் காகிதக் கவரில் போட்டேன். இந்த முறை குடைகளை மட்டும் ஒப்பிட்டபோது அமானிட்டாவும் சூயில்லஸும் ஒரு பக்கம், கட்டைக் காளான்கள் மறுபக்கம் எனப் பிரிந்து நின்றன.

ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை. தோப்பு ஓரப் புல்லில் பறித்த சிறு காளான். கார்பன்-13 மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகம். கரும்பு, சோளம் போலவே ஒளிச்சேர்க்கை செய்யும் புற்கள் இந்த மலைப் புல்வெளியிலும் உண்டு, அவற்றில் கார்பன்-13 கூடுதலாக இருக்கும். அந்தப் புல்லைத்தான் அது தின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்குப் புல்லையும் பறித்துவரத் தனியாகக் கவர்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.