கண்ணகை அம்மன் வளவு: சில நாட்குறிப்புகள்

சித்திரை 16

கும்பாபிஷேக அறிவித்தல் இன்று வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆலயத்தின் பெயர் ஸ்ரீ இராஜராஜேஸ்வரி அம்பாள் என்று அச்சாகியுள்ளது. கண்ணகை என்ற சொல் எந்த வரியிலும் இல்லை.

சித்திரை 17

இத்தனை காலம் அம்மனுக்குப் பொங்கிப் படைத்த பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரவு முழுவதும் மூச்சிரைப்பு.

சித்திரை 21

நிர்வாகக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். இந்தப் பிள்ளைகளின் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீள்குடியேறி வந்தபோது கூரையில்லாமல் கிடந்த கோயிலைக் கட்டியெழுப்பியவர்களும், வெள்ளிதோறும் சிறுவர்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர்களும், குடியை விட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வருபவர்களும் அவர்கள்தான். ஆனால், கண்ணகி மனிதப் பெண், ஆகமத்தில் அவளுக்கு இடமில்லை, ஆகவே பெயரும் பூசையும் மாறவேண்டும் என்று செயலாளர் பேசியபோது எவரும் மறுக்கவில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிச்சியின் வழிபாடு என்று கண்டித்தார்; அதன் பின் யாழ்ப்பாணத்தில் கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் மாறின. முல்லைத்தீவு வற்றாப்பளையிலோ அவள் இன்றும் கண்ணகை அம்மன்தான்; வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில் விளக்கெரிகிறது. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவரிடம் வந்து பொங்கல் கேட்ட கிழவியை இவர்கள் எந்த ஆகமத்தில் தேடப்போகிறார்கள்?

சித்திரை 22

பெரியப்பா கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

சித்திரை 27

அக்கா ஜெபவீட்டாரை அழைத்து வந்து, தகப்பனின் தலையில் கைவைத்து ஜெபிக்கச் செய்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடந்தார். 2009இல் மகனைப் பறிகொடுத்து மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரத்தில் அவர் சித்தம் கலங்கியிருந்தபோது, நாள்தோறும் வந்து பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் மட்டுமே. அதை நான் எப்படி மறப்பேன்? ஆனாலும் போதகர் வேம்படிக் கல்லைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொன்னது கொடுமை. மறுநாள் இரவு ஜெபவீட்டுக் கூரையில் கல் விழுந்ததும் கொடுமை. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரண்டு வீட்டார் இப்போது வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள்.

வைகாசி 1

யாரோ சொல்லிவிட்டார்கள். கோயிலின் பெயர் மாறுவதைப் பற்றிப் பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மனின் பிரம்பும் சிலம்பும் எங்கே வைக்கப்படும் என்று மட்டும் கேட்டார். இறுதிப் போரில் மாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் அவற்றை வேட்டியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு போனவர் அவர். முகாமில் நிவாரண அரிசியில் பொங்கிப் படைத்தவரும் அவரே. மூலஸ்தானத்தில் அவற்றுக்கு இடமில்லை, மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டில் போடலாம் என்பது நிர்வாகத்தின் முடிவு. அதை என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

வைகாசி 4

மனம் ஓரிடத்திலேயே சுற்றுகிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் உடலுக்கு இப்போதே இரண்டு பக்கத்திலும் உரிமை கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் அப்பா ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆகவே ஜெபித்து அடக்கம் செய்யவேண்டும் என்கிறார் அக்கா. அப்படி ஒரு ஜெபம் நடந்தால் ஊர்ச் சுடலையில் இடமில்லை என்று நிர்வாகத்து இளைஞர்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பிறந்த நாளில் நூல் கட்டிய கை பெரியப்பாவின் கை. அந்த வீட்டில் ஜெபம் நடந்ததால் இம்முறை பொங்கல் பானையான வளந்து அங்கிருந்து புறப்படக்கூடாது என்றும் சொல்கிறார்கள். நானறிய வேறெந்த வீட்டிலிருந்தும் அது புறப்பட்டதில்லை.

வைகாசி 5

காய்ச்சல். வைத்தியசாலைக்கு வர மறுக்கிறார்.

வைகாசி 7

செயலாளர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். வீட்டுக்கே போய், கண்ணகை என்ற பெயரை முன்னால் சேர்த்தாவது எழுதுங்கள் என்று கேட்டேன். என்னை எதிர்த்துப் பேச முடியாமல் தலைகுனிந்து நின்றார். பெயர்க்கல் வெட்டியாகிவிட்டதாம், கனடாவிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்கு அதன் படமும் போய்விட்டதாம். கல்லை மாற்றலாம், ரீச்சர், ஆனால் நான் தனியாகச் சொல்ல முடியாது, கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள் என்றார்.

வைகாசி 8

வளந்து யார் வீட்டிலிருந்து புறப்படும் என்று முடிவுசெய்ய இன்றிரவு எட்டு மணிக்குக் கூட்டம். பெரியப்பாவுடன் அக்கா இருக்கிறார். நான் புறப்படுகிறேன்.