பெரிய பம்ப் போட்டேன், கார் நிற்கவில்லை

என்னிடம் 1968ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் என்றால் கை வைக்க ஆள் உண்டு. கூரை மடிக்கிற இந்தக் காரைக் கண்டால் மட்டும், "இதுக்குச் சாமான் எங்க எடுக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி.

போன மாரி முடிய பிறேக் பெடல் கீழே போகத் தொடங்கியது. ஒருதரம் மிதித்தால் பாதிக்கு மேல் இறங்கும். உடனே இன்னொருதரம் மிதித்தால் மேலேயே பிடிக்கும். பெடலை மிதிக்கப் பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்பின் பின்பக்க ரப்பருக்குள்ளால் ஒயிலும் கசிந்து, கீழே பெயின்ற் உரிந்து கிடந்தது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதைப் பெரிதாகவே மாற்றுவோம் என்று நினைத்தேன். பழையதின் வாய் (உள்விட்டம்) 5/8 அங்குலம். இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் சொல்லி 3/4 அங்குலத்தில் ஒன்று எடுப்பித்தேன்.

கொக்குவிலில் நான் போகும் கராஜ் அண்ணை, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ-40 ஓட்டின ஆள். பம்பைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, பெருசெண்டா நல்லாப் பிடிக்குமெண்டு ஆர் சொன்னது?"

நான் சிரித்துச் சமாளித்தேன்.

பம்பைப் பிடித்திருப்பது இரண்டு போல்ற், ஒரு பைப். அது பெரிய வேலையில்லை. பெடலோடு கம்பியை இணைக்கும் பின்னைக் கழற்றுவதுதான் சீவன் போகிற வேலை. தலையைப் பெடலுக்கடியிலும் காலைச் சீற்றின் முதுகிலும் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் கிடந்தேன். கழன்று வந்த பின் நடுவில் தேய்ந்திருந்தது, பெடலின் ஓட்டையும் நீள்வட்டமாகிவிட்டது. அதைக் கவனித்தும் பழைய பின்னையே திரும்பப் போட்டேன். என் அவசரம்.

பைப்புக்குள் இருந்த காற்றை எடுத்து முடித்து, கல்லுண்டாய் வெளிக்குக் கொண்டு போனேன். பெடல் கல்லு மாதிரி. ஆகா, இதல்லவோ பிறேக் என்று ஐம்பதில் வைத்து மிதித்தேன். கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்பி நிற்காத குறையாக மிதித்த பிறகுதான் நின்றது.

கணக்கு லேசானது, நான்தான் போட்டுப் பார்க்கவில்லை. பம்பின் வாய் 5/8இலிருந்து 3/4 ஆனால் பரப்பு 1.44 மடங்கு. ஒரே மிதிக்கு அழுத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒயிலை அதிகமாகத் தள்ளுவதால் பெடல் கொஞ்சத் தூரம்தான் இறங்கும், அதைத்தான் நான் பலம் என்று நினைத்தேன். இந்தக் காருக்கு மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சேர்வோவும் இல்லை, முழுப் பாரமும் காலுக்குத்தான்.

அண்ணை ஒன்றும் சொல்லாமல் பின் சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கினார். டிரம்முக்குப் பின்னால் இருக்கும், பிறேக் சூவை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவரும் சதுரத் தலையைச் சில்லு இறுகும் வரை திருப்பி, பிறகு ஒரு கிளிக் தளர்த்தினார். இரண்டாம் மிதிக்குப் பெடல் ஏறியது இது தளர்ந்து கிடந்ததால். தேய்ந்த பின் பெடல் இறங்கும் தூரத்தை இன்னும் கூட்டியது. பம்ப் கசிந்தது வேறு சங்கதி. ஓட்டைக்குப் புஷ் போட்டுப் புதுப் பின் ஏற்றினோம், பிறகு 5/8இலேயே புதுப் பம்ப் எடுத்துப் பூட்டினோம். இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது, காரும் நிற்கிறது.

ஒரே ஒரு பயம் மிச்சம். நாலு சில்லுக்கும் ஒரே இணைப்பு, எங்காவது ஒரு பைப் உப்புக் காற்றில் அரித்து வெடித்தால் பிறேக்கே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகத் தள்ளும் இரட்டைப் பம்ப் போட ஆசை. அண்ணையிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.