கனடா அனுபவம்

வான்கூவருக்குப் பக்கத்து ஊரான சர்ரேயின் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்ததே தலைப்பைப் பார்த்துத்தான். ‘ஃபைவ் லிட்டில் இண்டியன்ஸ்’. சரி, நம்மூர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் செய்யும் சேட்டையாக இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன். ரயிலில் நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, இவர்கள் கொலம்பஸ் வழி தெரியாமல் வந்து பெயர் வைத்துவிட்டுப் போன இந்தியர்கள்.

அன்று காலைதான் ஒரு இன்டர்வியூவில் “கனடா அனுபவம் இருக்கிறதா?” என்று கேட்டு என்னை அனுப்பியிருந்தார்கள். சென்னையில் பதினெட்டு வருஷம் கணக்கு வழக்கு பார்த்தவள், 44 வயதில் இங்கே மளிகைக் கடையில் பில் போடுகிறேன். அந்தக் கடுப்போடு பின்னட்டையைப் படித்தேன். எழுதியவர் மிஷெல் குட், கனடாவின் பழங்குடிகளில் ஒன்றான க்ரீ இனத்தவர். பல வருஷம் பழங்குடி அமைப்புகளில் வேலை, அப்புறம் சட்டம் படித்து, பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளில் சிக்கி மீண்டவர்களுக்காக வாதாடியிருக்கிறார், வக்கீல் ஆபீஸை நடத்திக்கொண்டே எழுத்தில் முதுகலையும் முடித்திருக்கிறார். முதல் நாவல் 2020-இல், அறுபதைத் தாண்டி! கனடாவின் பெரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருதும் அதற்கே கிடைத்தது. என் 44 கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

கனடா அனுபவம் என்றால் என்னவென்று அந்த நாவலில் இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மேல் அந்த விடுதிப் பள்ளிகளில் அடைபட்டிருக்கிறார்கள். நாவலின் லூசி பதினாறு வயதில் வெளியே வந்து வான்கூவரில் தனியாக நிற்கிறாள். அவள் நடந்த தெருக்கள் நான் இறங்கும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம்.

தாய்மொழி பேசினால் அந்தப் பள்ளிகளில் அடி. எங்கள் கான்வென்டில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் ஃபைன், அப்பா அதைப் பெருமையாகவே கட்டுவார், இங்கிலீஷ் வந்துவிடுமாம். ரெண்டும் ஒன்று இல்லைதான். நான் நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், அம்மா வாசற்படியில் உட்காரவைத்து எண்ணெய் தடவி, மறுபடி இழுத்துப் பின்னிவிடுவாள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ந்ததுமே முடியை வெட்டிவிடுவார்கள். அதைப் படித்ததும் கை தானாகப் பின்னலுக்குப் போனது, இறங்க வேண்டிய ஸ்டேஷனும் போய்விட்டது.

ராத்திரி அம்மா வாட்ஸாப்பில் வந்தாள். மழை, குளிர், பஸ் எல்லாம் பழகிவிட்டது என்றேன்.

“தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?”

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடையில் யாராவது மூக்கைச் சுளிப்பார்கள் என்று விட்டு ஒரு வருஷம் ஆகிறது.