கரிநெருப்பு

மார்ச் 5, 2025, புதன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கிவிட்டது. மாலையில் பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தில் ஆராதனை. பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து வாய்விட்டுச் சொன்னேன். போதகர் ஐயர் பாவமன்னிப்பை அறிவித்தபோது, வழக்கம்போல அது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்றே பட்டது. அப்பா போய் எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தை நான் எடுக்கவில்லை. அம்மா கேட்டால் முழங்கால் வலி என்பேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஜூலையில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி. "நெஞ்சு கரிக்குதும்மா" என்று அப்பா எழுந்து வந்தார். மறுநாள் ஆபீசில் ஆடிட். கணக்குகளைப் பரப்பி வைத்திருந்தேன். கேஸ் மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அரை மணி கழித்து மறுபடி வந்தார். "பரோட்டா வேண்டாம்னு சொன்னேன்ல. பேசாமப் போய்ப் படுங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தார். காலையில் அம்மா எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் சபையில் ஒரு டாக்டர் அக்கா இருக்கிறார்கள். இன்று அவர்களிடம் முதல் தடவையாகக் கேட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியாக வராமலே போகலாம், நெஞ்சு கரிப்பு, வியர்வை, களைப்பு என்று வேறு வேஷத்தில் வரும் என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருபது வருஷம். "உன் தப்பு ஒண்ணுமே இல்லம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள். ஆனாலும் உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மூடியை எடுத்துப் பார்த்தேன். அடியில் ரோஸ் நிறம் காய்ந்து, ஓரத்தில் வெடித்து, செதில் செதிலாக நிற்கிறது. எனக்கு எதிரான சாட்சி என்று நானே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று ராத்திரி அம்மாவுக்கு ஏப்பம். பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடினேன். இசிஜி நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது அம்மா, "ஏட்டி, அன்னைக்கு நீ கூப்பிட்டிருந்தாலும் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டாரு" என்றாள். இருக்கலாம். ஆனால் அது சமாதானப் பேச்சு. எனக்கு வேண்டியது வேறு ஏதோ.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து வந்து யோவான் சுவிசேஷத்தை எடுத்து, 18-ஆம் அதிகாரத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தேன். சீஷனான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் பக்கத்தில்தான். அதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறதாம். அந்தப் புகைவாடை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! "பரவாயில்லை, உன் தப்பு இல்லை" என்று இயேசு சொல்லவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பாடு முடிந்த பிறகுதான் கேள்வி. அதுவும் மறுதலித்த கணக்குக்கு மூன்று தடவை, "என்னை நேசிக்கிறாயா?" என்ற ஒன்றே.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சிலுவையில் சொன்ன முதல் வார்த்தையிலேயே உடைந்துவிட்டேன்.

இத்தனை நாளும் "நான்தான் அப்பாவைக் கொன்றேன்" என்றே ஜெபித்திருக்கிறேன். இன்று அதை இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். அது மாரடைப்பு என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு என்னை நானே நியாயந்தீர்த்துக்கொண்டிருந்தேன், ஆண்டவர் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்து. ஆனால் எரிந்து விழுந்தது நான். வயதான மனுஷன் வலியோடு வந்து நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆண்டவரே, அது பாவம். அதை மன்னியும்" என்று பெயர் சொல்லிக் கேட்டேன். தப்பே இல்லை என்கிறவர்களின் ஆறுதல் தொடாத இடம் அதுதான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. இருட்டு பிரியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன். "கால் வலிக்கலையா?" என்று காதோரம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். நீட்டிய கை நடுங்கியது. அப்பம் உள்ளங்கையில் எடையே இல்லாமல் இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு, நான்தான் கொன்றேன் என்கிற அந்தக் குரல் மனசுக்குள் மறுபடி வந்தது. எழுந்து விளக்கைப் போட்டு, 1 யோவான் 3:20-ஐ வாசித்தேன். நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். திரும்பத் திரும்ப வாசித்தேன். குரல் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. முன்பெல்லாம் விடியும்வரை போகும்.

இன்று சாயங்காலம் அம்மா கத்தரிக்கோலைத் தேடி இழுப்பறையைக் குடைந்தவள், "இந்த மூடி எதுக்குட்டி கெடக்கு?" என்று கேட்டாள். "அப்பாவோடது" என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.